ஆளில்லாத குடங்கள்

அந்தக் குழுவோடு என்னை அனுப்பியது என் சுருக்கெழுத்துக்காக இல்லை, என் தமிழுக்காக. சட்டசபைச் செயலகத்தில் என்னைவிட வேகமாக எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் நீலசந்திராவின் சந்துகளில் நின்று கூலிக்காரக் குடும்பங்களைக் கேள்வி கேட்டு, பதிலைக் கன்னடத்தில் சொல்ல அவர்களால் ஆகாது. எங்கள் குடும்பம் மகாராஜா காலத்திலேயே உத்தியோகத்துக்காக பெங்களூருக்கு வந்தது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ் என்று மூன்றையும் கலந்துகட்டி வளர்ந்தவள் நான். "நீவே ஹோகி பன்னி", நீங்களே போய்வாருங்கள், என்று மேலதிகாரி பல்லெல்லாம் தெரியச் சொன்னபோது, இந்த வெயிலில் காயவைக்க வேறு ஆளே கிடைக்கவில்லையா என்றுதான் எரிச்சலாக வந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. சர்க்கார் திட்டங்களுக்குக் கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவானதா, அந்த வேலையால் ஜனங்களுக்குப் பிரயோஜனம் உண்டா என்று சட்டசபை உறுப்பினர்கள் குழுவாக நேரில் போய்ப் பார்ப்பார்கள். பெரும்பாலும் மாலை, இளநீர், பிஸ்கட், ஒரு குரூப் போட்டோ என்று முடிந்துவிடும். அந்த வருஷம் அவர்கள் கையில் எடுத்தது தெருக்குழாய்த் திட்டம். ஏழைகள் இருக்கும் பேட்டைகளில் தெருவுக்கு ஒரு பொதுக்குழாய் போட்டிருந்தார்கள்.

குழுத் தலைவர் விவசாயக் குடும்பத்து மனிதர். பேச்சு குறைவு. எதையும் நின்று பார்ப்பார், பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். தண்ணீர் இலாகா எஞ்சினியர் அதற்கு நேர் எதிர். ஜீப்பில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவர் வாய் ஓயவில்லை.

நாங்கள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். ஒரு பக்கம் ஓட்டு வீடுகள், இன்னொரு பக்கம் திறந்த சாக்கடை, நடுவில் குடங்கள். பித்தளை, மண், தகரம், அலுமினியம் என்று தெருக்கோடியிலிருந்து குழாயடி வரைக்கும் வரிசையாக நின்றன. ஒரு மனுஷர்கூட இல்லை. குழந்தைகள் சத்தம் இல்லை. கதவுகளெல்லாம் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தன. உள்ளே இருட்டில் யாரோ நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

குழாயிலிருந்து முனகல் வந்தது. தண்ணீர் வருமுன் காற்று வருகிற சத்தம்தான். எங்கள் வீட்டுக் குழாயும் அப்படித்தான் செய்யும். ஆனாலும் ஆளில்லாத அந்தத் தெருவில், யாரோ காய்ச்சலில் கிடந்து முனகுவதுபோல அது இழுத்துக்கொண்டே போனது.

எஞ்சினியர் மட்டும் உற்சாகமாக இருந்தார். "பாருங்கள் சார், இந்தத் தெருவில் ஆளுக்கு ஒரு குடம் என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். குடத்தை எண்ணினால் போதும், பயன்பெறுகிறவர்கள் கணக்கு வந்துவிடும். நாங்கள் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி!" உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

தண்ணீர் வந்ததும் பெண்கள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் பேசவில்லை. பெங்களூரில் குழாயடி என்றால் சண்டை உண்டு, சிரிப்பு உண்டு, அடுத்த தெரு வரைக்கும் கேட்கும் வசவு உண்டு. இங்கே குடம் நிரம்புகிற சத்தம் மட்டும்தான். முதல் குடம் நிரம்பியதும் மற்றவற்றைக் காலால் முன்னே தள்ளினார்கள். நானும் பராக்குப் பார்த்தபடி நின்றேன். அப்புறம்தான் கவனித்தேன். எல்லாக் குடத்தையும் அவர்கள் காலால் தள்ளவில்லை. சில குடங்கள் வரும்போது மட்டும் குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி, தூங்குகிற பிள்ளையை இடம் மாற்றிப் போடுவதுபோல முன்னே வைத்தார்கள். அந்தக் குடங்களை நிரப்பினார்கள். ஆனால் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நிரம்பியவை சுவரோரமாக நின்றன.

தலைவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அவர் குழாயருகே போனார். "தாகமாயிருக்கிறது" என்றார்.

"ஜீப்பில் காய்ச்சிய தண்ணீர் இருக்கிறது சார்" என்று எஞ்சினியர் ஓடிவந்தார்.

"ஜனங்கள் குடிப்பதை நானும் குடிக்கிறேன்" என்று சொல்லி, சுவரோரம் நிரம்பி நின்ற ஒரு சின்னப் பித்தளைக் குடத்தை நோக்கிக் குனிந்தார். சிறுமி இடுப்பில் வைக்கிற அளவுதான் இருக்கும் அது.

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் பாய்ந்துவந்து அந்தக் குடத்தின் வாயை உள்ளங்கையால் மூடினாள். முப்பது வயதுகூட இராது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மூக்கு ஒழுகிக்கொண்டு.

"வேணாம் சாமி. அது குடிக்கிற தண்ணி இல்ல. எம் பெரிய பொண்ணோட பிந்திகெ அது. அவ இப்ப இல்ல."

அங்கே குடத்துக்கு அந்தக் கன்னடச் சொல்தான் பழக்கம்; குழாய்க்கு நல்லி, சாக்கடைக்கு மோரி. நான் தலைவருக்குக் கன்னடத்தில் சொன்னேன். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி சீறினாள். "அடியே, வாய மூடிக்கினு இருடி. நல்லிய பிடுங்கிக்கினு போய்ட்டாங்கன்னா நீயா ஊட்டுக்கு ஊடு தண்ணி தருவ?" இன்னொருத்தி என் முழங்கையைத் தொட்டு, "அக்கா, அத்த அவருக்கு சொல்லாதீங்கக்கா" என்று கெஞ்சினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. தலைவர் என்னைப் பார்த்து, "எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.

அந்தப் பெண் அப்புறம் நிறுத்தவில்லை.

"போன வெயில் காலத்துல வாந்திபேதி வந்துச்சு சாமி. தண்ணி குடுத்தா இன்னும் போவும், குடுக்காதேன்னு எல்லாரும் சொன்னாங்கோ. தண்ணி, தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தா. நான் குடுக்கல. கேட்டுக்கினேதான் போனா. இந்தத் தெருவுல அப்பிடிப் போனவங்க பிந்திகெய வரிசையில வெச்சே ஆவணும். இல்லன்னா அவங்க தாகத்தோட வந்து மத்தவங்க பிந்திகெய்ல கைய வெச்சுடுவாங்கோ. பொழுது சாஞ்சதும் அவங்கவங்க வாசப்படியில ஊத்திடுவோம். அத்த யாரும் குடிக்கிறதில்ல."

பிறகு அவள் சாக்கடையைக் காட்டினாள். குழாய்க்கு வரும் பைப் அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் இறங்கி, வேறு இடத்தில் துருப்பிடித்து வெளியே வந்தது. "பைப்பு மோரிக்குள்ள முழுவிக் கெடக்குது பாருங்க. இவ ஒருத்திதான் எனக்கு மிச்சம். இவளையாவது உட்டுவெக்கணும். அத்த மேல தூக்கிக் கட்டுங்க சாமி, வேற ஒண்ணும் கேக்கல."

"ஜாயிண்ட் எல்லாம் கெட்டியாக இருக்கிறது" என்றார் எஞ்சினியர். "இந்த ஜனங்கள் எதையாவது சொல்வார்கள். குடத்துக்கு ஆளில்லை என்றால் வேலைக்குப் போயிருப்பார்கள்."

தலைவர் ஒரு தடவை வரிசையைத் தெருக்கோடி வரைக்கும் பார்த்தார். என்னிடம், "அவரவர் குடத்துக்குப் பின்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள்" என்றார்.

நான் தமிழில் உரக்கச் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாக வந்து நின்றார்கள். புடவைகள் அசைவது நின்றதும் தெருவைப் பார்த்தேன். நின்றவர்களுக்கு நடுநடுவே, பின்னால் ஆளில்லாமல், குடங்கள் தனியாக நின்றன. இங்கே ஒன்று, அங்கே இரண்டு சேர்ந்தாற்போல, ஒரு வீட்டு வாசலுக்கு நேரே பெரிதும் சிறிதுமாகச் சில. என்னிடம் கெஞ்சிய பெண் ஒரு குடத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, ஓடிப்போய் இன்னொன்றின் பின்னால் நின்றாள். அங்கிருந்து அடுத்ததற்கு ஓடினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. யாரும் அவளைத் தடுக்கவில்லை. கடைசியில் தானாகவே ஓய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உறுப்பினர்களில் ஒருவர் ஜீப்புக்குப் போய்விட்டார். பட்டப்பகலில் பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் குடங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன என்றே இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன். தலைவர் பூசி மெழுகவில்லை. அந்தக் குழாயை உடனே மூட வேண்டும், சாக்கடைக்கு எட்டத்தில் புதுப் பைப் போட்டு மறுபடி திறக்க வேண்டும் என்று எழுதவைத்தார். சட்டசபை என்று ஒன்று இருப்பதற்கு இதுதான் அர்த்தம் என்று நான் வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

மூடுவது என்பது ஒரு ஸ்பானர் வேலை. அதை மறுநாளே செய்துவிட்டார்கள். புதுப் பைப் என்றால் எஸ்டிமேட், டெண்டர், மேலிடத்து அனுமதி. அது எங்கேயோ மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருந்தது. அதற்குள் குழுவே மாறிவிட்டது. அடுத்த வருஷம், முந்தைய குழு சொன்னதையெல்லாம் செய்தீர்களா என்று புதுக் குழு கேட்டபோது இலாகாவிடமிருந்து பதில் வந்தது. குறிப்பிட்ட குழாய் மூடப்பட்டது, அதன்பின் அத்தெருவில் வாந்திபேதி மரணம் இல்லை, ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை. எல்லாரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அப்படியானால் அந்தத் தெரு ஒரு வருஷமாக எதைக் குடிக்கிறது?

ஒரு சனிக்கிழமை ஆபீஸ் அரைநாளோடு முடிந்ததும் பஸ் பிடித்து நானே போனேன்.

குழாயின் தலையைக் கழற்றிச் சாக்குத் துணியால் கட்டியிருந்தார்கள். துணி நைந்து தொங்கியது. பெண்கள் யாரும் வெளியே இல்லை. ஆனால் குடங்கள் இருந்தன. ஆள் உள்ள குடங்கள் இல்லை, மற்றவை மட்டும். வறண்ட குழாயடியில் அதே ஒழுங்கோடு, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். எல்லாக் குடத்திலும் விளிம்பு வரைக்கும் தண்ணீர். தூசு விழாத, அன்றைக்கு ஊற்றிய தண்ணீர். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"நீங்களா" என்று குரல் கேட்டது. அந்தப் பெண்தான். இளைத்திருந்தாள். தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை இப்போது நடக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு ஆறியது.

"பைப்பு இன்னும் வரவில்லையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "வரும்னு சொன்னாங்கோ. எங்கூட யாரும் பேசறதில்லக்கா. அடுத்த பேட்ட நல்லியில எங்க தெருவுக்கு இத்தினி பேருன்னு எடம் உட்டாங்கோ. போறதுக்கே ரொம்ப தூரம். அதுல எனக்கு எடம் இல்லன்னு தெருவுல முடிவு பண்ணிட்டாங்கோ. நீதானே மூடவெச்ச, நீயே தேடிக்கோன்னுட்டாங்கோ."

"அப்போ தண்ணீருக்கு?"

"குளிக்க, தோய்க்க எல்லாம் கட்டட வேலை நடக்கிற எடத்துல முடிச்சுக்குவோம். அது சுண்ணாம்புத் தண்ணி. குடிக்க..." என்று நிறுத்தி, குழாயடிப் பக்கம் தாடையை நீட்டினாள். வரிசையில் அந்தச் சின்னப் பித்தளைக் குடம் நின்றது.

"அத்த நான் ரொப்பறதில்ல. யாரு ரொப்பறாங்கோன்னு நான் பாத்ததும் இல்ல. விடிஞ்சா ரொம்பி நிக்குது. எனக்கு இல்லன்னு சொல்லிட்டாங்கோ. செத்துப்போனவளுக்கு இல்லன்னு சொல்ல அவங்களுக்கு பயம்."

"அந்தத் தண்ணீரையா..."

"ஆமாக்கா. குடிக்கக்கூடாத தண்ணின்னு எனக்குத் தெரியாதா? இவ அழுதா. இன்னொருத்தி தண்ணி கேக்கறத என்னால பாத்துக்கினு இருக்க முடியாது. அவ பங்குலதான் நாங்க ரெண்டு பேரும் உசிரோட இருக்கோம்."

நான் டைப் அடித்த அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அழவும் எனக்கு அங்கே யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

குழந்தை எழுந்து அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தது. "அக்காகிட்ட போலாம்மா" என்றது. பார்த்தே நினைவில்லாத அக்கா. தாகம் எடுத்தால் அது அப்படித்தான் கேட்குமாம்.

அவள் டம்ளரோடு போய் அந்தக் குடத்தின் முன் குந்தினாள். மொண்டு குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தது. தெருவில் கதவுகள் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தன. எதிர்வீட்டில், முன்பு அவள்மேல் சீறிய பெண் இடுக்கில் நின்றிருந்தாள். டம்ளர் காலியாகும்வரை பார்த்தாள். குடத்தில் மிச்சம் எவ்வளவு, இனி எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அளப்பதுபோல எட்டிப் பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டாள்.