முடிவு தெரிந்தவர்கள் கதிரைக்குப் பின்னால்

தொலைபேசி அடித்தபோது நான் மாடிப்படியில் இருந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா எடுத்தார். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீட்டில் யார் தொலைபேசியை எடுத்தாலும் முதல் சொல் ஹலோ இல்லை, 'ரிசல்ட் சொல்லாதேங்கோ' என்பதுதான். அந்தப் பழக்கத்தில் நானும் படியில் இருந்தபடியே, "அப்பா, ரிசல்ட் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அப்பா ரிசீவரை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. குலம் மாமாவை அன்று காலையில்தான் இருதய ஒப்பரேசனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

கல்வெட்டில் ஒரு பக்கம் நீ எழுது என்று மாமி கேட்டபோது நான் பயந்துபோனேன். முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் என்றால் தேவாரம் இருக்கும், வம்சாவளி இருக்கும், ஆளை இமயமலையாக்கும் நாலு கட்டுரைகள் இருக்கும். பதினாறு வயதில், ரியூசனில் கதவுக்குப் பின்னால் நின்று ஆட்களைப் பயப்படுத்துகிறவள் என்ற பெயரோடு, நான் அதில் என்ன செய்வது? மாமி சொன்னா: "மற்றவை எல்லாரும் அழப் பண்ணி எழுதுவினம். நீ உன்ர வாயால எழுது, பிள்ளை." ஆகவே இந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருக்கும் இமயமலை வேறு, என் குலம் மாமா வேறு. கோபிக்க வேண்டாம்.

மாமா எனக்குச் சொந்த மாமா இல்லை. அப்பாவின் சிநேகிதர். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவருக்கு ஒரே ஒரு தம்பி, யோகன். நாட்டை விட்டு ஒன்றாக வெளிக்கிட்டவர்கள் வழியில் பிரிந்து, அண்ணன் லண்டனிலும் தம்பி ரொறொன்ரோவிலும் போய் விழுந்தார்கள். மாமாவின் அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. அதற்கு ஒரு பதில் வராமல் அவர் இங்கிலாந்தை விட்டுப் போக ஏலாது. தம்பிக்கு அங்கே பேஸ்போல் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு வருடமும் அமெரிக்க இறுதித் தொடரை வீடியோவில் பிடித்து, லண்டனுக்குக் கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். கசெற் வந்துசேர மூன்று நாலு கிழமை போகும்.

முதல் கசெற் எண்பத்தாறில் வந்தது. கனடாவில் பிடித்த படம் லண்டன் வீடியோ டெக்கில் ஒழுங்காக ஓடாது என்று ஒருவருக்கும் தெரியாது. படம் ஓடியது, நிறம் ஓடிப்போய்விட்டது. மழைக்குள்ளே சாம்பல் நிற மனிதர்கள் மேலிருந்து கீழே உருண்டுகொண்டிருந்தார்களாம். மாமா அதை முழுவதும் பார்த்தார். பிறகு சவுத்தாலுக்குப் போய், எல்லா நாட்டுக் கசெற்றும் ஓடுகிற டெக் ஒன்றும் அதற்கேற்ற ரீவியும் வாங்கி வந்தார். மாமி ஒரு கிழமை கதைக்கவில்லை.

அந்த எண்பத்தாறு ஆட்டத்தில்தான், வெல்ல வேண்டிய அணியின் ஒரு தடுப்பாட்டக்காரருடைய காலுக்கிடையால் பந்து உருண்டு போனது. உலகமே சிரித்த இடம். டெக் வந்த பிறகு நிறத்தோடு பார்த்தபோது நானும் செற்றியில் விழுந்து சிரித்தேன். மாமா படத்தை நிறுத்தினார். "எத்தினை வருசம் ஒழுங்காப் பிடிச்ச மனுசன். விட்ட ஒண்டைத்தான் சனம் வைச்சிருக்கும். நீ பிடிச்சதையும் கொஞ்சம் வைச்சிரு" என்றார். அதற்காக அவரை ஞானி என்று நினைக்க வேண்டாம். எண்பத்தெட்டில் இரண்டு காலும் ஏலாத ஒருவர் கடைசி நேரத்தில் நொண்டி நொண்டி வந்து, பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து, நொண்டிக்கொண்டே சுற்றிவந்து ஆட்டத்தை வென்றார். அதைப் பார்த்த பிறகு மாமா ஒரு மாதமாக, மாமி கடைக்கு வரச் சொன்ன நேரமெல்லாம் நொண்டினார்.

ஆட்டத்தை அவர் எனக்கு விளக்கியது ஒரே வசனத்தில். "வீட்டில இருந்து வெளிக்கிட்டு, மூண்டு இடத்தில நிண்டு, உயிரோட திரும்பி வீட்டுக்கு வந்தாத்தான் கணக்கு. எங்கட சனத்துக்கு இதுக்கு மேல என்ன விளக்கம்?"

இனி அவருடைய சட்டத்துக்கு வருவோம். கசெற் வந்து பார்த்து முடிக்கும்வரை ஒருவரும் முடிவைச் சொல்லக்கூடாது. அதே நாட்களில் மாமி கந்தசஷ்டிக்கு உபவாசம் இருப்பா. மாமா தனக்கும் விரதம் என்பார். மாமிக்கு வாயால் ஒன்றும் போகக்கூடாது, மாமாவுக்குக் காதால் ஒன்றும் போகக்கூடாது. பேப்பரில் கடைசிப் பக்கத்தை மாமி கிழித்துவிட்டுத்தான் கொடுப்பா. தப்பித் தவறி முடிவு தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால், ஆட்டம் ஓடும்போது அவருடைய கதிரைக்குப் பின்னால் இருக்க வேண்டும். முகத்தில் தெரிந்துவிடுமாம். தொண்ணூற்றொன்றில் இரண்டு பக்கமும் ஓட்டமே எடுக்காமல் ஆட்டம் நீண்டுகொண்டே போனபோது, கதிரைக்குப் பின்னால் ஆறு பெரிய மனிதர்கள் நிலத்தில் சப்பாணி கட்டி, மூச்சுவிடாமல் இருந்தார்கள். நேர்த்திக்கடன் மாதிரி.

ஏன் இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டேன். அவர் பகிடி விடாமல் பதில் சொன்ன சில தடவைகளில் அது ஒன்று. "தம்பி இதைப் பார்க்கேக்க அவனுக்கு முடிவு தெரியாது. நானும் தெரியாமப் பார்த்தாத்தான் அவனுக்குப் பக்கத்தில இருந்து பார்த்த மாதிரி. மூண்டு கிழமை பிந்தி. அவ்வளவுதான்."

நான் அவருக்குச் செய்த குழப்படிகள் பல. பெரியது, பேஸ்போல் கசெற்றை எடுத்துவிட்டு அந்த உறைக்குள் என் மச்சாள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவை வைத்தது. கதவுக்குப் பின்னால் நின்று அவர் கத்துவாரென்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் மனிதர் கச்சான் கடலையைக் கொறித்தபடி முழுக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசிவரை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நல்ல மட்ச். தோழிப்பிள்ளை தட்டை விழாமப் பிடிச்சது திறமான கட்ச். அந்தப் பெரியம்மா மூண்டு தரம் ஆலாத்தி எடுக்க வந்து மூண்டு தரமும் நெருப்பு நூந்துபோச்சு, பேஸ்போல் சட்டப்படி அவ அவுட்." நான் அன்றைக்குத் தோற்றேன். இன்றுவரை அந்தத் தோல்வி எனக்குப் பிடிக்கும்.

இந்த வருடம், தொண்ணூற்றுமூன்றில், இறுதித் தொடருக்கு ரொறொன்ரோவே திரும்பவும் வந்தது. தம்பியின் ஊர். மாமா வாழ்க்கையில் எதற்காகவும் இப்படிக் காத்திருந்ததில்லை. அதே கிழமையில் நெஞ்சு நோ வந்தது, இருதயத்தில் அடைப்பு என்றார்கள், ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்தார்கள். ஆளைப் பார்க்கவென்று ரெய்னர்ஸ் லேன் முழுவதும் திராட்சைப் பழத்தோடும் ஹோர்லிக்சோடும் வரத் தொடங்கியது. வருகிற ஒவ்வொருவருக்கும் ரொறொன்ரோவில் ஒரு சித்தப்பாவாவது இருந்தார். அதாவது ஒவ்வொருவருக்கும் முடிவு தெரியும். அவருக்கு இருதயத்தில் அடைப்பு, எங்கள் சனத்துக்கு வாயில் அடைப்பே இல்லை.

வாயை மூட முடியாவிட்டால் நிறையத் திறந்துவிடுவதுதான் வழி என்று எனக்குப் பட்டது. வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ஆளுக்கொரு முடிவைக் கொடுத்து அனுப்பினேன். ஒருவர் ரொறொன்ரோ வென்றதென்றார். அடுத்தவர் படுதோல்வி என்றார். மூன்றாமவர் மழை என்றார். கடை வைத்திருக்கும் அண்ணை சமநிலை என்றார், பேஸ்போலில் சமநிலை கிடையாதென்று அவருக்குத் தெரியாது. யாரோ நடுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒருவர் சொந்தமாகவே சேர்த்துவிட்டார். கடைசியில் மாமா என்னைக் கூப்பிட்டு, "வாயாடி, இது உன்ர வேலைதானே?" என்றார். ஓம் என்றேன். "நல்லது. உண்மை உள்ளுக்க எங்கயோ இருக்கு. இனி ஆராலும் கண்டுபிடிக்க ஏலாது" என்று சிரித்து, சிரிக்கக்கூடாது என்று மாமியிடம் ஏச்சு வாங்கினார்.

மாமி விரதம் முடித்துப் பாறணை பண்ணிய சனிக்கிழமை கசெற் வந்தது. திங்கட்கிழமை ஒப்பரேசன். பின்னேரம் டெக்கில் போட்டோம். நானும் அப்பாவும் கதிரைக்குப் பின்னால். அந்த ஆட்டத்தில் வென்றால் ரொறொன்ரோவுக்குக் கிண்ணம். முன்னுக்கு நின்ற ரொறொன்ரோ பிறகு பின்னுக்குப் போய், கடைசி முறை துடுப்பெடுத்தாட வரும்போது ஒரு ஓட்டம் குறைவாக நின்றது. மாமாவின் பின்னந்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. பிறகு கை மேலே வந்தது.

"நிப்பாட்டு, பிள்ளை."

நான் நிறுத்தினேன். மாமி குசினிக்குள் இருந்து ஓடிவந்து, "இஞ்சேருங்கோ, இன்னும் கொஞ்சம்தானே, பார்த்து முடிச்சிட்டுப் போங்கோவன்" என்றா.

"முடிச்சுப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதப்பா. வீட்டில ஏதும் மிச்சம் இருக்கோணும். வந்து பார்ப்பன்."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே அவர் சொன்னார்: "சொல்லிப்போடாதை, வாயாடி." என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

கசெற் டெக்குக்குள்ளேயே இருந்தது. யோகன் மாமா செத்தவீட்டுக்கென்று அவசரமாகக் கிடைத்த விசாவில் ரொறொன்ரோவிலிருந்து வந்து, பிரிந்த பிறகு முதல்முறையாக அண்ணனைப் பார்த்தார். மரப்பெட்டியில். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

எட்டாம் நாள் படைத்தோம். உங்களுக்கு வழக்கம் தெரியும்: செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து அறையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிடும்போது ஒருவரும் பார்க்கக்கூடாது. மாமி சோறு, மீன் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, வடை, ஒரு கிண்ணத்தில் கச்சான் எல்லாம் வைத்தா. ரீவிக்கு முன்னால் அவருடைய கதிரையை இழுத்து நேராக வைத்தா. பிறகு கொழுந்தனைப் பார்த்தா. யோகன் மாமா குனிந்து டெக்கின் பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

ஒடுங்கிய விறாந்தையில் நாங்கள் எல்லோரும் நின்றோம். எங்களில் முடிவு தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆகவே எல்லோரும் அவருக்குப் பின்னால், கதவுக்கு வெளியே. பெரியவர்கள் மூச்சுவிடவில்லை. உள்ளே அறிவிப்பாளரின் ஆங்கிலம் மெல்ல மெல்ல ஏறியது. பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு மைதானம் முழுவதும் எழும்பி நின்று இரைந்தது. கதவு அதிர்ந்த மாதிரி எனக்குப் பட்டது. யோகன் மாமா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் கைதட்டவில்லை.

மாமி மெதுவாகச் சொன்னா: "இப்ப அவருக்கும் தெரியும்."

உங்களில் யாராவது அந்த ஆட்டத்தை இன்னும் பார்க்காமல் இருக்கலாம். அதனால் முடிவை இங்கே எழுதவில்லை. சத்தத்தை வைத்து நீங்களாக ஊகித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. கதிரையை யோகன் மாமா கேட்கவில்லை, டெக்கை மாமி கொடுக்கமாட்டா. எனக்கு வேண்டியது கதிரைக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒரு துண்டு நிலம். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு, இன்னொருவர் தெரியாமல் சந்தோசப்படுவதைப் பின்னந்தலையில் பார்க்கக் கிடைத்த இடம். அதை நான் வைத்துக்கொள்கிறேன், மாமா.