இரண்டு தட்டு

படிப்பவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆயினும் இது நடந்தது. என் தம்பிக்கு நடந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார்ப் பட்டறை வைத்திருப்பவன் அவன். கதை கட்டத் தெரியாதவன். பேய் என்றால் விழுந்து விழுந்து சிரிப்பவன். அன்றைய பிற்பகலுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்ததில்லை.

காரைக் கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ். ஒரு தரகரிடம் பழைய காராக வாங்கி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அதற்குள் கிளட்ச் பிளேட்டை இருமுறை மாற்றியாயிற்று. மீண்டும் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது.

“மேடு ஏறினா சத்தம்தான் வருது. வண்டி நகர மாட்டேங்குது.”

“கிளட்ச் மேலேயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுறீங்களாக்கா? பிளேட்டு சும்மா தேயாதே.”

“நான் என்ன தையல் மெஷினா ஓட்டுறேன்? கியர் மாத்துறப்போ மட்டும்தான் கால் அங்க போகும்.”

அவர் சென்றபின் தம்பி சோதித்துப் பார்த்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நான்காம் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டான். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் உடனே நின்றுபோகும். நிற்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது. கருகிய நாற்றம் வந்தது. யாரோ பெடலைப் பாதி மிதித்தபடியே இருப்பதுபோல...

பட்டறையில், காரின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கென்று ஆளாழக் குழி ஒன்று உண்டு. தோளகலமே இருக்கும். மூன்று பக்கமும் சுவர், பின்பக்கம் படி. காரைக் குழியின்மேல் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத் தம்பி உள்ளே இறங்கினான். பெடலை மிதிக்க, அவன் மனைவியின் அண்ணன் காரில் அமர்ந்தார்.

இருவருக்கும் ஒரு வழக்கம். குழியில் நின்றால் மேலே பேசுவது சரியாகக் கேட்காது. ஆகவே தம்பி ஸ்பேனரால் காரின் அடியில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் மிதி. இரண்டு தட்டு என்றால் காலை எடு.

மணி 2:15. ஒருமுறை தட்டினான். கியர்பாக்ஸின் பக்கத்திலிருந்த கிளட்ச் லீவர் நகர்ந்தது.

இருமுறை தட்டினான். லீவர் திரும்பவில்லை.

“மச்சான், காலை எடுங்க!”

மறுபடியும் இருமுறை தட்டினான்.

“சாப்பிட்ட மயக்கமா? தூங்கிட்டீங்களா?”

பெடலையும் லீவரையும் இணைக்கும் கேபிள் சிக்கியிருக்கும் என்றெண்ணி, அதை லீவரிலிருந்து கழற்றினான். இனிப் பெடலுக்கும் லீவருக்கும் தொடர்பே கிடையாது. லீவர் தானே திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை. அழுந்தியபடியே நின்றது.

2:25. கார் அசைந்தது.

ஹேண்ட்பிரேக் போட்ட கார்... மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. படிக்குமேல் வந்து நின்றது. வெளிச்சம் மறைந்தது. வெளியேற ஒரு சாண் இடைவெளிதான்.

கத்தினான். உணவு வேளை, அக்கம்பக்கத்துக் கடைகள் அடைத்திருந்தன.

அப்போது, தலைக்கு மேலே...

டக். டக்.

“யாரு?”

டக். டக்.

நிமிடங்கள் ஊர்ந்தன. ஓசை நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டே தட்டு.

காலை எடு... காலை எடு...

அவனுக்குச் சட்டென்று உறைத்தது. அது கட்டளையன்று. கெஞ்சல்.

இரும்புக் கம்பியை லீவரின் இடுக்கில் கொடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினான்.

படீர்!

லீவர் திரும்பியது.

மேலே... ஒரு நீண்ட பெருமூச்சு.

கார் முன்னே உருண்டது. வெளிச்சம்.

தவழ்ந்து வெளியே வந்தான். சுவர்க் கடிகாரத்தில் 3:05.

காருக்குள் யாருமில்லை. ஹேண்ட்பிரேக் இழுத்தபடியே இருந்தது.

சற்று நேரத்தில் மச்சான், கையில் பொட்டலத்துடன் வந்தார்.

“என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“நீங்க எப்ப இறங்கிப் போனீங்க?”

“நீங்க குழிக்குள்ள போனதுமே. பஜாருக்குப் போய்ப் புது கேபிள் வாங்கியாறேன்னு கத்திட்டுத்தானே போனேன்? கேக்கலையா?”

தம்பி புதுப் பிளேட்டும் கேபிளும் போட்டுக் கொடுத்தான். கிளட்ச் அதன்பின் வழுக்கவேயில்லை.

ஒரு வாரம் கழித்து, தம்பி வற்புறுத்தியதால், நர்ஸ் அந்தத் தரகரைப் பிடித்து விசாரித்தார். முன்பு அந்தக் காரை வைத்திருந்தவர், ஒரு பிற்பகலில் பாலத்தருகே காரோடு பள்ளத்தில் விழுந்துவிட்டாராம். இடக்கால் கிளட்ச் பெடலின் அடியில் சிக்கிக்கொண்டதாம். ஆள் மீளவில்லை.

பாலத்தின்மேல் பேருந்துக்காக நின்றிருந்தவர்களுக்குக் கீழே ஏதோ ஓசை கேட்டிருக்கிறது. பட்டறை வேலை என்றெண்ணி ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டிரண்டாகத் தட்டும் ஓசை.

3:05 மணிப் பேருந்து வந்தபோது, அந்த ஓசை நின்றுபோயிற்றாம்.