ஸ்கொட்லாந்து அண்ணை

குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டும்போது கொட்வினின் வாய் தானாக ஸ்கொட்லாந்துக்குப் போய்விடும். “ஃபோல்கேர்க் விட்டால் கமலன் எண்டொரு ஊர், பிறகு லார்பர்ட். அங்கால ஸ்டேர்லிங். கோட்டை மலையில நிக்கும், ஒருக்காப் பாத்தால் மறக்க ஏலாது,” என்பார். தேநீர் கொண்டுவந்த வீட்டுக்காரர் அதை வைத்துவிட்டு நழுவ முடியாமல் நிற்பார்.

லண்டனுக்கு வருமுன் ஃபோல்கேர்க்கில் இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர். பேச்சைக் கேட்டால் அந்த ஊர்களுக்குப் பெயர் வைத்ததே அவர்தான் என்று தோன்றும். லண்டனில் நோர்பரித் தமிழர் அவரை ‘ஸ்கொட்லாந்து அண்ணை’ என்பார்கள். “பக்கத்தில இருக்கிற ஸ்ட்ரெதமுக்குப் போகவே போனில வழி பாக்கிறவன் நான்,” என்று தன்னைத்தானே நக்கலடிப்பார். அடுத்த மூச்சில் கமலனுக்குத் திரும்பிவிடுவார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதைக் கேட்டுவரும் மனைவி மெலனி, போன கோடையில், “ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கோ,” என்றார். கொட்வினுக்கு மறுக்க வழியிருக்கவில்லை.

ஃபோல்கேர்க்கில் இரண்டு ரயில் நிலையங்கள். மேட்டில் இருந்ததில் இறங்கி, பெட்டியை இழுத்தபடி நகரத்துக்கு நேரெதிர்த் திசையில் வீறாப்பாக நடந்தார். நாயோடு வந்த ஒரு பெண் வழியைத் திருத்திவிட்டார். அவருடைய ஸ்கொட்லாந்து ஆங்கிலம் மெலனிக்கு விளங்கியது. கொட்வினுக்கு விளங்கவில்லை.

ஊருக்கு வெளியே, வானத்தை முட்டும் இரண்டு இரும்புக் குதிரைத் தலைச் சிலைகள். “உதுக்குக் கீழ இருந்துதான் சாப்பாட்டுப் பெட்டி திறக்கிறனான்,” என்று எத்தனையோ வீடுகளில் கொட்வின் சொன்ன அதே குதிரைகள். மெலனி அங்கிருந்த பலகையை வாசித்தார்.

“இஞ்சேருங்கோ, இது நீங்கள் லண்டனுக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகெல்லோ கட்டினது?”

கொட்வின் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

“படத்திலதான் பாத்தனான். இந்த ஊரில எனக்கு ஒரு சனத்தையும் தெரியாது, மெலனி. லீவு நாளில சும்மா பஸ் ஏறுவன். ஏறினால் டிரைவரிட்டப் போற இடத்தைச் சொல்லவேணுமெல்லே? சில நாள் நான் ஒரு மனுசரோட கதைச்சது அந்த ஒரு பேர்தான். லார்பர்ட் எண்டு சொல்லுவன். இறங்கி, அடுத்த பஸ்ஸில திரும்பி வருவன். வரேக்க இன்னொரு பேர் சொல்லலாம். நானெல்லாம் பெரிய ஸ்கொட்லாந்துக்காரன்!”

மெலனி பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். கோபமா என்று கேட்கக் கொட்வினுக்குத் துணிவு வரவில்லை.

பஸ்ஸில் மெலனி யன்னலோரம் இருந்தார். அடுத்த தரிப்பில் பெயர்ப்பலகை கண்ணாடிக்கு நேரே பெரிதாக நின்றது. அவர் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, கணவனின் முகத்தைப் பார்த்தார்.

“இது எந்த இடமப்பா?”