உள்ளங்கைச் சீனி

என் வீட்டுக்காரருக்கு வலியே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி வாரக்கணக்கில் ஆகியும் அந்தக் குழி மூடவில்லை. அதே நாளில் பல்லைப் பிடுங்கிக்கொண்ட பக்கத்து லயத்து வீட்டு அக்கா, கடலையை நறுக்கு நறுக்கென்று கடித்துக்கொண்டே எங்கள் வாசலில் நின்று விசாரித்தார்.

"அண்ணனுக்கு இன்னும் ஆறலையா டீச்சர்?"

"வலிதான் இல்லையே, ஆறிக்கிட்டுதான் இருக்கு" என்று உள்ளேயிருந்து இவரே பதில் சொன்னார். வாயைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. மழைக்காலத்தில் சாக்கடைக் கானுக்குள் எலி செத்துக் கிடந்தால் வருமே, அந்த வாடை. அக்கா கடலை தின்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இவருக்குச் சில வருடங்களாகச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி. எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் தேத்தண்ணி குடிக்கும் விதமே தனி. கோப்பையில் வெறும் சாயம், உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. வருத்தம் என்று தெரிந்த நாளே வீட்டில் அந்தக் கைச்சீனியை நிறுத்திவிட்டேன். சீனிப் போத்தலை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பல்லைப் பிடுங்கும் முன் டொக்டர் கேட்டார், தேத்தண்ணிக்குச் சீனி போடுவீர்களா என்று. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீனி போட்ட தேத்தண்ணிய நான் தொடுறதே இல்லைங்க டொக்டர்." எனக்கும் பெருமையாக இருந்தது. அன்றைய இரத்தப் பரிசோதனையும் நன்றாகவே வந்தது. கிளினிக் நாள் நெருங்கினால் இவர் வாயைக் கட்டிவிடுவார். வருடம் முழுக்க அப்படித்தான் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன், பாவி.

"சீனி ஏறினா புண் ஆறாது. வலி இல்லாட்டியும் பரவாயில்லைன்னு இருந்துடாதீங்க. வாடை வந்தா உடனே வாங்க" என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

"ஃபெக்டரியில ஆள் இல்ல புள்ள. ஞாயித்துக்கிழம போவோம்."

"பல்லு போனா சொல்லு போகும்பாங்க. உங்களுக்குச் சாக்குச் சொல்லுறது மட்டும் கொறையலையே" என்றேன். சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண் சரிந்து பஸ் வரவில்லை. அடுத்த நாட்களில் தாடை வீங்கியது. அதைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. ஒரு நாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது கீழ் உதட்டோரமாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. அவருக்கு அது தெரியவில்லை. உதட்டைக் கிள்ளிப் பார்த்தேன். "எங்க கிள்ளுற?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்காக அவர் ஃபெக்டரிக்குப் போட்டுப்போகும் கோட்டை எடுத்தேன். ஆணியிலிருந்து சுவரோடு எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். பத்திரிகைத் தாளில் மடித்த சீனிப் பொட்டலம். தாள் கசங்கி, பழுப்பேறி, பல நாள் புழங்கியதாக இருந்தது.

"இது என்னங்க?"

அவர் தலை குனியக்கூட இல்லை. "ஃபெக்டரித் தேத்தண்ணி வாயில வைக்க முடியல புள்ள. நான் என்ன தேத்தண்ணியிலயா போட்டேன்? கையிலதானே."

அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கீங்களே, என்கிட்ட மறைச்சீங்க சரி, உங்க ஒடம்புகிட்ட மறைக்க முடிஞ்சுதா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அழுதுகொண்டேதான் பஸ் ஏறினேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார்கள். டொக்டர் அம்மா சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். தாடை எலும்பு அழுகத் தொடங்கியிருக்கிறது. கெட்ட பகுதியை வெட்டி எடுக்கக் கண்டிக்கு அனுப்ப வேண்டும். ஆனால் இரத்தத்தில் இவ்வளவு சீனியோடு கத்தி வைக்கப் பயம், முதலில் ஊசி போட்டு இறக்க வேண்டும். அதற்குள் அழுகல் கழுத்துக்கு இறங்கிவிட்டால் மூச்சுக்கே ஆபத்து. பிறகு, சீனி சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அந்தச் சிங்களம் இவருக்கும் விளங்கும். நான் வாயைத் திறக்கும் முன்பே இல்லையென்று தலையை ஆட்டினார். நான் உள்ளதைச் சொன்னேன்: தேத்தண்ணியில் போடுவதில்லை, கையில் வைத்து நக்குவார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

பின்னேரம் வார்டில் சீனியில்லாத தேத்தண்ணி கொடுத்தார்கள். இவர் இடது கையால் கோப்பையை வாங்கினார். வலது கை தானாக என் பக்கம் நீண்டு, உள்ளங்கை விரிந்தது.

பழக்கதோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். கையை மடக்கிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார். உதட்டோரம் தேத்தண்ணி வழிந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு சிட்டிகை புள்ள. வலிதான் இல்லையே."

அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்து மூடினேன். அவர் திறக்கப் பார்த்தார்.