கூட இருக்கிற வேலை

ஹவ்வா மாமியை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்குப் பின்னால் நின்று குசுகுசுக்க வேண்டாம்.

நான் றிஸ்மினா, தையல்காரி. ஆலங்குடாவில் மாமியின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது முசலிப் பக்கமிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர் மாமி. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, இப்போது அறுபத்து மூன்று. இடையில் அவர் செய்யாத கூலி வேலை இந்தக் கரையில் இல்லை. கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கினார். இறால் உரித்தார். உப்பளத்தில் வெயில் தலையில் இறங்க இறங்க உப்பு வாரினார். அறுபதைத் தாண்டியதும் இரண்டு முழங்காலும் சொல்லுக் கேட்கவில்லை. குந்தினால் எழும்ப முடியாது, எழும்பினால் குந்த முடியாது.

அவருடைய ஒரே மகன் அக்ரம் கட்டாரில் வேலை செய்கிறான். அவன் அனுப்புகிறதில் மாமியின் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஆனால் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து மாமி என் தலையைத் தின்னத் தொடங்கினார்.

"பொண்ணுக்குக் குடுக்கிற மஹரையும் அவன்ட காசிலயே வாங்குறதா? வாப்பா இல்லாத பிள்ளை. நான் ஒண்டு குடுக்க வாணாமா? குந்தாம நிக்காம செய்யிற வேல ஏதும் இரிந்தாச் சொல்லு புள்ள."

"அப்பிடி வேல இரிந்தா நானே போயிருப்பேனே மாமி!" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன வருடம் ஜூலை ஆறாம் திகதி, முஹர்ரம் பத்தாம் பிறை, ஆஷூரா நோன்பு அன்று, கற்பிட்டியில் ஒரு ஹாஜியார் மௌத்தானார். தென்னந்தோட்டக்காரர், பெரிய வீடு. அவருடைய மனைவி சாரா உம்மாவுக்கு நான்தான் சட்டை தைப்பேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய மகன் ஜௌபர் எனக்கு ஃபோன் கோல் எடுத்தார். புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. மகள்மார் ஒருத்தி கொழும்பில், ஒருத்தி வெளிநாட்டில். ஜௌபரோ புத்தளத்தில் கடையும் குடும்பமுமாக இருக்கிறார்.

"உம்மாவோட கூட இரிக்க ஒரு நல்ல பொம்பிள வேணும், றிஸ்மினா. சமைக்க ஆள் வந்து போகும், கூட்டித் துடைக்க ஆள் வந்து போகும். இவ சும்மா இரிந்தாப் போதும்."

சும்மா இருந்தால் போதுமாம்! லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரி மாமியின் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். அடுத்த நாளே அவரைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் அந்த வீட்டில் விட்டேன். மாமி ஒரு பையும் தொழுகைப் பாயும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டு மதில் என்னை விட இரண்டு மடங்கு உயரம். ஜன்னல்களுக்கு உள்ளே தடித்த துணி ஆணி வைத்து அடித்திருந்தார்கள். சாரா உம்மாவுக்கு எழுபது வயது. அவருக்கு மாமி கண்ணுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். மாமி குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று "ஹவ்வா, முடியல்லையா?" என்பாராம். மாமி கறிவேப்பிலை பிடுங்கக் கொல்லைக்குப் போனால் இரண்டு நிமிடத்தில் குரல் வரும். ஃபோனில் கூட ஆண் குரல் அந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று ஒரு சட்டம். எந்த மார்க்கக் கிதாபில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. மாமிக்கு இத்தா கிடையாது. ஆனால் நான் இரண்டு தடவை பார்க்கப் போனேன். இரண்டு தடவையும் இத்தா இருப்பது இவரா அவரா என்று எனக்கே குழம்பிவிட்டது. மாமியின் முகம் வெளிறி, வெயில் படாத பீர்க்கங்காய் மாதிரி இருந்தது.

"எப்பிடி மாமி?" என்று காதோடு கேட்டேன்.

"உப்பளம் நல்லம் புள்ள," என்றார். "அங்க அஞ்சு மணிக்கு விடுவாங்க."

மாமியின் புருஷன் மௌத்தாகிப் பதினொரு வருடம். அப்போது மாமி இத்தா இருந்தது ஒரு கிடுகு அறையில். கூட இருக்க ஆள் வைக்க அவர் என்ன ஹாஜியானியா? வேலிக்கு மேலால் நாங்கள் வெங்காயச் சாக்கைப் போடுவோம். அவர் உள்ளே இருந்து வால் நறுக்கித் திருப்பித் தருவார். அப்படித்தான் அவருடைய நாலு மாதமும் பத்து நாளும் கழிந்தது.

மூன்றாவது மாதம் அக்ரமுக்குப் பாலாவியில் ஸும்ரா என்ற பெண்ணைப் பேசி முடித்தோம். நல்ல பிள்ளை. ஒக்டோபர் நடுவில் அக்ரமுக்கு ஒரு மாத லீவு. ஜௌபர் நல்ல மனிதர்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். விசயத்தைக் கேட்டதும் மாமியின் முழுச் சம்பளத்தையும் முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டார். நானே போய் மஹருக்கு மோதிரம் எடுத்தேன். காசு கொடுத்தபோது ஜௌபர் ஒன்று கேட்டார்.

"உம்மா இத்தாவ விட்டு வெளிய வாற வரைக்கும் நீங்க இரிப்பீங்கதானே மாமி?"

"வல்லாஹி, அவ முடிஞ்சுது எண்டு சொல்ற வரைக்கும் நான் இந்த வாசலத் தாண்ட மாட்டேன்," என்று மாமி சத்தியம் செய்துவிட்டார். சந்தோசத்தில் வந்த சத்தியம். யாரும் கேட்கவில்லை அவரை, சத்தியம் செய் என்று!

மாமி நாளை எண்ணியது பிறைக் கணக்கில். எங்கள் ஆட்களுக்கு இத்தா என்றால் பிறைதான். முஹர்ரம் பத்தில் தொடங்கினால் ஜமாதுல் அவ்வல் இருபதில் முடியும். இங்கிலீசில் அது நவம்பர் பன்னிரண்டு, புதன்கிழமை. அதை நம்பித்தான் நிகாஹ்வை வெள்ளிக்கிழமை பதினாலாம் திகதி வைத்தோம். அக்ரமும் ஒரே பிடியாக, "உம்மா வந்தாத்தான் நிகாஹ்," என்று லீவின் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் திகதி அவனுக்குப் ப்ளைட். எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் உம்மாதான் பாலும் பழமும் கொடுத்து மருமகளைப் பக்கத்தில் இருத்துவார். மாமி அதற்கென்று ஒரு சாரி எடுத்து என்னிடம் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்.

ஜௌபரோ சுவரில் தொங்கிய இங்கிலீஸ் கலண்டரைப் பார்த்து எண்ணியிருக்கிறார். ஜூலை ஆறிலிருந்து நாலு மாதம், பிறகு பத்து நாள். அவருடைய கணக்கில் பதினாறாம் திகதிதான் முடிகிறது. மகள்மாரும் அன்றைக்குத்தான் வருகிறார்கள், இத்தா முடிகிற சாப்பாட்டுக்கும் அன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறது. புதன்கிழமை பையைக் கட்டி வைத்துக்கொண்டு மாமி கேட்ட போதுதான் இது வெளியே வந்தது. நான் பள்ளிவாசல் மௌலவியிடம் ஓடினேன். பிறைக் கணக்குத்தான் சரி, இன்றோடு முடிகிறது என்றார். ஜௌபரிடம் சொன்னேன். "உம்மா சரி எண்டா எனக்கும் சரி," என்றார். சாரா உம்மாவிடம் போனேன்.

"மொதப் பிறை கண்டதுல எனக்குச் சந்தேகம் இரிக்கி," என்றார் அவர், கட்டிலில் இருந்தபடி. "இத்தா இரிக்கிறவ நான். கணக்கும் என்டதான்."

"அப்ப வெள்ளிக்கிழம ஒரு நாளைக்கு மட்டும் மாமிய விடுங்க. நான் வந்து இரிக்கிறேன்."

"நீங்க வாணாம். நீங்க நிறையக் கதைப்பீங்க."

பார்த்தீர்களா! என் வாயும் சேர்ந்துதான் மாமியைக் கட்டிப் போட்டது. திரும்பவும் மௌலவியிடம் ஓடினேன். சத்தியத்தை முறித்தால் பரிகாரம் உண்டு, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார். நான் பத்துப் பேருக்கு அல்ல, இருபது பேருக்கு ஆக்கிப் போடுகிறேன் என்று மாமிக்குக் கோல் எடுத்தேன்.

"சத்தியத்துக்குப் பரிகாரம் இரிக்கி புள்ள," என்றார் மாமி மெதுவாக. "மோதிரத்துக்கு என்ன பரிகாரம்? பாதியில விட்டுட்டுப் போன வேலைட கூலியில வாங்கின மஹர் எண்டு ஆகிருமே. என்ட மகன்ட நிகாஹ்வ நான் அப்பிடியா தொடங்கி வைக்கிற?"

"அப்ப மோதிரத்த வித்துத் திருப்பிக் குடுப்போம்."

"அது ஸும்ராட மஹர் எண்டு பேசி முடிச்சாச்சு. அதுல கை வைக்க உனக்கும் உரிம இல்ல, எனக்கும் இல்ல."

என்ன செய்ய? எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் வந்தது. அவர் மீதா, சாரா உம்மா மீதா, என் மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர்த் தொழுகைக்குப் பிறகு நிகாஹ். நான் பெண் வீட்டிலிருந்து வீடியோ கோல் போட்டேன். மாமி ஃபோனை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தார். எனக்கு அவருடைய நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. பள்ளியிலிருந்து ஆண்கள் துஆ ஓதிக்கொண்டு மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். உடனே ஃபோனுக்குள்ளிருந்து சாரா உம்மாவின் குரல்: "ஹவ்வா, ஆம்பிளச் சத்தம் கேக்குது." மாமி சத்தத்தை நிறுத்தினார். சத்தமில்லாமல் மகன் வருவதைப் பார்த்தார். பாலும் பழமும் நான்தான் கொடுத்தேன். ஸும்ரா என்னைப் பார்த்து "மாமி" என்றாள். ஃபோனைப் பார்த்தேன், கோல் கட்டாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுத கையோடு அக்ரம் வேனைப் பிடித்துக்கொண்டு கற்பிட்டிக்கு வந்தான். எயார்போர்ட்டுக்குப் போக வேண்டிய பாதை இந்தப் பக்கமே அல்ல. மாமியைப் பின்னேரம் கூட்டி வர வேண்டும் என்று நானும் அவனோடு வந்தேன். மாமி வாசல் கேற்றுக்கு வந்தார். பிள்ளை குனிந்து உம்மாவின் இரண்டு கையையும் முத்தமிட்டுக் கொஞ்சினான்.

"உம்மா, ஏறுங்க. எயார்போட் வரைக்கும் வாங்க. இண்டையோட முடியுதுதானே."

"பின்னேரம்தான் முடியும் மகன்."

"ஹவ்வா! ஹவ்வா!" உள்ளே இருந்து குரல் வந்தது.

"வாறேன் உம்மா," என்று மாமி திரும்பிச் சொன்னார். பிறகு மகனின் ஷேர்ட் கொலரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "ஸும்ராவுக்கு ஒரு நாளைக்கு ஒரு தரமாவது கோல் எடு," என்றார். அடுத்த லீவு இன்னும் இரண்டு வருடம் கழித்து. வேன் திரும்பிப் போனது. நாங்கள் இருவரும் அது மறையும் வரை கேற்றில் நின்றோம், பிறகும் கொஞ்ச நேரம் நின்றோம்.

உள்ளே போனால் சாரா உம்மா நடு ஹோலில் வெள்ளைச் சாரியோடு நின்றார். சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"போயிட்டாரா மகன்?"

"ஓம் உம்மா."

அவர் கதிரையில் இருந்தார். மாமியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"புதன்கிழமயே முடிஞ்சிட்டு ஹவ்வா. பிறை எனக்கும் தெரியும். பிள்ளைகள் இண்டைக்குத்தானே வாறாங்க. நீங்க போயிட்டா நாலு நாள் இந்த வீட்டுல நான் தனியக் கிடக்கணும். அதுதான். என்ன மன்னிச்சிருங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஒரு தாயை, அவள் பெற்ற பிள்ளையின் நிகாஹ்வுக்கு... நான் வாயைத் திறந்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்து அமர்த்தினார்.

"எனக்கும் தெரியும் உம்மா," என்றார். "நாலு நாளா உங்கட வாயத்தான் பார்த்துக்கொண்டு இரிந்தேன். முடிஞ்சுது எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொன்னா என்ட சத்தியம் கழண்டிரும் எண்டு."

சாரா உம்மா முந்தானையால் முகத்தை மூடினார். மாமி அறைக்குப் போய், புதன்கிழமை கட்டிய பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இப்ப, அவன் வந்து நிக்கக்குள்ள சொல்லியிரிந்தாலும் போதும் உம்மா," என்றார். "முன் சீட்டுல அவன் எனக்கு இடம் வச்சிரிந்தான்."