ஆறாவது ஆள்

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அவள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் காது புளிக்கப் பேசுவாள், மலையாளத்தில் பக்கம் பக்கமாக எழுதுவாள், வகுப்பில் கேள்வி கேட்டால் மட்டும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாங்கள் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இப்படியே போனால் அடுத்த வருஷம் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிவரும் என்று டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார்.

நான் பொறுமைசாலி இல்லை. "வாயத் தொறந்தா என்ன மக்கா, கொறஞ்சா போயிருவ?" என்று தினமும் காலையில் தலை பின்னும்போது கேட்பேன். சீப்பு இழுக்கிற இழுப்பிலேயே என் கோபம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் டீச்சர் வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஊரில் நீங்கள் பார்க்கிற ஏதாவது ஒன்றை ஆராய்ந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். பத்து பேரிடம் கேட்க வேண்டும். முதல் ஐந்து பேரிடம் ஒருத்தி கேட்க, மற்றவள் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த ஐந்து பேருக்கு மாறிக்கொள்ள வேண்டும். கடைசியில் அவரவர் கேட்டதை அவரவரே வகுப்பில், பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும். என் மகளுக்கு ஜோடியாக வந்தது ஒரு மலையாளிப் பெண். முன்பல் இரண்டு விழுந்திருந்தது, ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை. பழவங்காடி கணபதிக்கு ஜனங்கள் எதற்காக விடலைத் தேங்காய் உடைக்கிறார்கள் என்று கேட்கலாம் என்றது அவள்தான்.

நான் டீச்சருக்கு ரகசியமாக போன் செய்து, மாறிக்கொள்வது வேண்டாம், என் மகள் எழுதுவதோடு நிற்கட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். சந்நிதிக்கு முன்னால் தேங்காய்கள் படீர் படீரென்று சிதறிக்கொண்டிருந்தன. பல் விழுந்தவள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, "எந்தினா தேங்ஙா உடச்சது?" என்று கேட்டாள். பி.எஸ்.சி. பரீட்சை, புது ஸ்கூட்டர், மருமகளுக்குப் பிரசவம், முட்டுவலி. ஒருவர் மட்டும் பழக்கம்தான், காரணமெல்லாம் இல்லை என்றார். என் மகள் குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். ஐந்து முடிந்தது. ஜோடிக்காரி நோட்டையும் பென்சிலையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

என் மகள் நின்றாள். ஒரு ஆள் உடைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் போனார். மூன்றாவது ஆள் செருப்பை மாட்டும்போது என்னால் தாங்க முடியவில்லை. நானே ஓடிப்போய்க் கேட்டேன். மகனுக்கு விசா கிடைக்க என்றார். வெற்றியோடு திரும்பி வந்து, எழுதிக்கோ என்றேன்.

ஜோடிக்காரி எழுதவில்லை. "அது ஆன்ட்டி கேட்டது. கணக்கில் வராது" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கச் சொன்னாள். "அவள்க்கு கொறச்சு சமயம் கொடுக்கணம், ஆன்ட்டி."

கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டுமாம். எட்டு வயசுப் பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது. அவமானமா கோபமா தெரியவில்லை. கடையில் போய் ஒரு தேங்காய் வாங்கினேன். கண்ணை மூடி, என் பிள்ளை வாயைத் திறக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லி ஓங்கி உடைத்தேன்.

திரும்பினால் இரண்டு பேரும் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். என் மகளின் உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. பிறகு, "எந்தினா தேங்ஙா உடச்சது?" என்றாள். அவள் மலையாளம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். வேண்டுதலை வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அது மட்டும் காரணமில்லை, அவள் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க என்று தேங்காய்ச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். என் மகள் என்னையே பார்த்தாள். ஜோடிக்காரியின் காதில் ஏதோ சொன்னாள். அவள் நோட்டில் என் பதிலை எழுதி, ஓரத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு என் மகள் இன்னும் நான்கு பேரிடம் கேட்டாள். குரல் சின்னதுதான், ஆனால் கேட்டாள்.

வாசிக்கிற நாள் வரைக்கும் எனக்கு அதே யோசனைதான். தெரியாதவர்கள் நான்கு பேரிடம் கேட்டுவிட்டாள், சரி. நாற்பது பேர் முன்னால்? நோட்டை ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுவா, சரிபார்த்துத் தருகிறேன் என்று மகளிடம் சொன்னேன். ஜோடிக்காரி தரமாட்டாள் என்றாள்.

வகுப்பில் பெற்றோருக்குக் கடைசியில் நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் ஐந்தையும் பல் விழுந்தவள் கடகடவென்று வாசித்துவிட்டு நோட்டைக் கொடுத்தாள். என் மகள் அதை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். யாரோ இருமினார்கள். என் கைப்பை வாரை நான் முறுக்கிய முறுக்கில் தையல் விட்டுவிட்டது.

பிறகு அவள் வாசித்தாள். ஆறாவது ஆள் ஒரு அம்மா, வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க என்று சொன்னார், இதற்கு நாங்கள் கேள்விக்குறி போட்டிருக்கிறோம்.

"ஏன்?" என்று டீச்சர் கேட்டார்.

அது நோட்டில் இல்லாத கேள்வி.

"சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை" என்றாள் மலையாளத்தில். யார் அது என்று டீச்சர் கேட்க, விரலை நீட்டி என்னைக் காட்டினாள். வகுப்பு முழுவதும் திரும்பியது. சரியான காரணத்தை இப்போது சொல்லலாமே என்று டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

எழுந்து நின்றேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மலையாளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அத்தனை கண்கள் என் மேல் இருந்தன. நான் முன்னால் இருந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரும்பலகைப் பக்கமிருந்து என் மகளின் குரல் கேட்டது.

"அம்மைக்கு கொறச்சு சமயம் கொடுக்கணம், டீச்சர்."