வளையம் மெலிந்த வருஷம்

டீக்கடைக்காரியின் பிழைப்பு பாலிலும் சர்க்கரையிலும் இருக்கிறது என்பார்கள். காவலூர் வானாய்வுக்கூட வாசலில் கடை போட்ட எனக்கு அது சனி கிரகத்தின் வளையத்தில் இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் பொதுமக்களை உள்ளே விடும் சனிக்கிழமைகளில், தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் டீ குடித்தபடி பேசுவதைக் கேட்டே பாதி வானம் எனக்கு மனப்பாடம். அதனால் வந்த கவலைகள்தான் இவை. கூட்டத்தை நம்பிக் கடை வைத்தவர்களுக்குச் சொன்னால் புரியும்.

கோடு

போன கார்த்திகையில் வளையம் சன்னமாகிவிட்டது. தட்டை ஓரமாகப் பிடித்தால் கோடாகத் தெரியுமே, அதுபோல அதன் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பியிருந்ததாம். செங்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் பார்த்த கையோடு என் கடைக்கு வந்து சண்டைக்கு நின்றார். நானா திருப்பினேன்? "படத்துல மட்டும் தாம்பாளம் மாதிரி போட்டுக்கீறாங்க. இங்க இன்னாடான்னா ஊசி கணக்கா கீது. நாங்க இன்னா இளிச்சவாயனுங்களா?"

காலி சீட்டு

அடுத்தடுத்த வாரங்களில் கூட்டம் குறைந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வாணியம்பாடியிலிருந்து மேலே வரும் மினி பஸ், இந்தக் கூட்டத்துக்காகவே விட்டது. என் மகள் சுதா அங்கே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். வாரம் ஒருமுறை அந்த பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவாள். அது நின்றால் யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொண்டு, மழையில், அத்தனை வளைவும் ஏறி வரவேண்டும். ஒரு வாரம் கண்டக்டர் பழனி, சுதாவை இறக்கிவிட்டு என்னிடம் குனிந்து சொன்னான்: "முதலாளி பாய் அடுத்த வாரம் அவரே வர்றாருக்கா. வண்டி காலியா இருந்தா ட்ரிப்ப நிறுத்திடுவாரு. சுதாவுக்கு வேற வழி பாத்து வெச்சிக்க."

கொட்டும் தூள்

தொலைநோக்கியை இயக்கும் குமரேசன் டீக்கு வந்தபோது, வளையம் திரும்ப வருமா என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக விரியும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏதோ ஒரு நிலா கிரகத்துக்கு மிக அருகே போய் நொறுங்கித்தான் அந்த வளையமே வந்திருக்கும் என்று சிலர் நினைக்கிறார்களாம். இப்போது அதுவும் பனித்தூளாகக் கிரகத்தின் மேலேயே கொட்டிக்கொண்டிருக்கிறதாம், ஒருநாள் தீர்ந்துவிடுமாம். செவ்வாயின் நிலாக்களில் ஒன்றும் அதை நெருங்கிக்கொண்டே வருகிறது, உடைந்தால் செவ்வாய்க்கும் வளையம் வரலாம். நெப்டியூனோ வழியில் போன ஒன்றைப் பிடித்து இழுத்து நிலாவாக வைத்துக்கொண்டது என்றார். எனக்கு மற்றது எதுவும் ஏறவில்லை. சனியின் வளையம் எப்போது தீரும் என்று கேட்டேன். "கோடிக்கணக்கான வருஷம் ஆகும்கா. நீ பாலப் பாரு, பொங்குது."

பாய் பார்த்தது

பாய் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை மத்தியானம்வரை மேகம். சாயங்காலம் பஸ் வந்தபோது சுதாவையும் பாயையும் தவிர இரண்டு பேர்தான் இறங்கினார்கள். பாய் காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். டீ வேண்டாம் என்றார். வந்ததற்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். நான் அடுப்பையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உக்காரும்மா, அவரு இன்னா சிங்கமா?" என்றாள் சுதா. உட்கார முடியவில்லை.

வளையத்தின் பளபளப்பு அடங்கியிருக்கும்போதுதான் பக்கத்திலுள்ள சின்ன நிலாக்கள் நன்றாகத் தெரியுமாம். குமரேசன் அவற்றைக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்த பாய் தானாகவே டீ கேட்டு வாங்கினார். பாதி டம்ளரைக் குடித்தார். பிறகு சொன்னார்: "கோட்டுக்குப் பக்கத்துல மணி கோத்தாப்ல நிலாங்க நிக்குதும்மா. எங்க வூட்ல எல்லாரையும் கூட்டியாரணும். வளையம் விரியற வரைக்கும் வண்டி ஓடட்டும். அப்பவும் ஆளு வரலன்னா என்னைக் கேக்காதீங்க."

நம் பூமிக்கு இருக்கும் ஒரே நிலாவும் வருஷத்துக்கு இரண்டு விரல் அகலம் விலகிப் போகிறதாம். அதைக் குமரேசன் பாயின் காதில் போட்டுவிடக் கூடாதே என்று, அவர் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகவே போட்டு வருகிறேன்.